நாற்காலிக் கம்பெனி பதித்த குரல்கள்

பருத்தி நிலத்துப் பாடகர்கள்: ப்ளூஸ் இசையின் வரலாறு – பகுதி 6

1920ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் மாமி ஸ்மித் பாடிப் பதிவான 'கிரேஸி ப்ளூஸ்' என்னும் இசைத்தட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கம்பெனிகளுக்கு உணர்த்தியதையும், அதையடுத்து மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் முதலிய மேடைப் பாடகியர் நாடறிந்த நட்சத்திரங்களாக உயர்ந்ததையும் முந்தைய பகுதிகள் விவரித்தன. அந்தப் பாடகியர் வாத்தியக் குழு சூழ, கூடாரங்களிலும் அரங்குகளிலும் பாடியவர்கள். 1926இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் பார்வையற்ற பாடகரான பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், கிதார் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு பாடிய தட்டுகள் நன்றாக விற்றதும், கம்பெனிகளின் கவனம் தனித்துப் பாடும் நாட்டுப்புற ஆண் பாடகர்கள் பக்கம் திரும்பியது. அந்தத் தேடல் சென்று சேர்ந்த இடங்களுள் மிக வளமானது மிசிசிப்பி டெல்டா.

சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், ஜான் ஹர்ட், ராபர்ட் ஜான்சன் என்னும் ஐவரின் வாழ்க்கையே இப்பகுதியின் பொருள். இவர்களுள் ஹர்ட் டெல்டாவின் ஓரத்து மேட்டு நிலத்தையும், ஜேம்ஸ் அதற்குத் தெற்கே பென்டோனியா என்னும் சிற்றூரையும் சேர்ந்தவர்கள். மற்ற மூவரும் டெல்டாவின் பண்ணைகளிலும் ஊர்களிலும் பாடி வளர்ந்தவர்கள். இவர்களைப் பற்றி உலகம் இன்று பேசுவதில் பெரும்பகுதி கட்டுக்கதை. நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கலையைப் பெற்றதாகவும், எங்கிருந்தோ வந்து எங்கோ மறைந்ததாகவும் சொல்லப்படும் அந்தக் கதைகளுக்கு மாறாக, பதிவேடுகளும் சமகாலத்தவரின் வாய்மொழிகளும் காட்டுபவர்கள் உழைப்பாளிகள்: பெயர் தெரிந்த ஆசான்களிடம் பயின்றவர்கள், பயின்றதை அடுத்தவருக்குக் கற்பித்தவர்கள், தம் உழைப்பை மொத்த விலைக்கு விற்றுவிட்டு அதன் பிற்கால வருமானத்தில் பங்கு பெறாமலே பெரும்பாலும் வறுமையில் வாழ்ந்தவர்கள். அவர்களை அந்த உருவில் பார்ப்பதே வரலாற்றுக்கும் அவர்களுக்கும் செய்யும் நியாயம்.

டெல்டா என்னும் நிலம்

'மிசிசிப்பி டெல்டா' என்று அழைக்கப்படும் பகுதி ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் அன்று. அதற்கு வெகு வடக்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில், மெம்ஃபிஸ் நகரின் தென்புறத்திலிருந்து விக்ஸ்பர்க் வரை பரந்துகிடக்கும் தட்டையான வண்டல் சமவெளி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதில் பெரும்பகுதி சதுப்பும் காடுமாகவே இருந்தது. காட்டை வெட்டி, ஆற்றுக்குக் கரை எழுப்பி, ரயில் பாதை போட்டு அதைப் பருத்தி நிலமாக்கியதில் பெரும்பங்கு கறுப்பினத் தொழிலாளர்களின் உழைப்பு. நிலத்தின் உடைமையோ பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தது.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் அதன் இடத்தைப் பிடித்தது வாரச் சாகுபடி. பண்ணை உரிமையாளர் நிலத்தையும் குடிசையையும் விதையையும் கோவேறு கழுதையையும் தருவார். குடும்பம் முழுவதும் ஆண்டெல்லாம் உழைத்து, விளைந்த பருத்தியில் பாதியை அவருக்கு அளந்துவிட வேண்டும். அறுவடை வரைக்குமான உணவும் துணியும் பண்ணைக் கடையில் கடனாகக் கிடைக்கும். அதன் விலைக்கும் வட்டிக்கும் கடைக்காரர் எழுதியதே கணக்கு. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது கையில் மிஞ்சுவது சில டாலராக இருக்கலாம், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தொடரும் கடனாக இருக்கலாம். கணக்கைத் தட்டிக் கேட்பது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காலம் அது. வாக்குரிமை இல்லை, நீதிமன்றத்தில் சொல் எடுபடாது, கும்பல் கொலைகளுக்குத் தண்டனை கிடைப்பது அரிது.

இத்தகைய வாழ்வில் கிதார் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குத் தனியான மதிப்பு இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் பண்ணைக் குடிசைகளிலும், 'ஜூக் ஜாயின்ட்' எனப்படும், சாராயமும் சூதாட்டமும் நடனமும் கலந்த சாலையோரக் கொட்டகைகளிலும் விடிய விடியப் பாடினால், வயலில் பல நாள் உழைத்துப் பெறுவதை ஓர் இரவில் அவர் சம்பாதிக்க முடியும். பண்ணையாரின் ஏட்டில் ஏறாத வருமானம் அது. தொழில்முறைப் பாடகர்கள் டெல்டாவில் பெருகியதற்கு இந்தப் பொருளாதாரக் காரணம் முதன்மையானது.

இசையின் கட்டுமானம்

ப்ளூஸ் பாட்டின் பொதுவான வடிவம் மூன்று அடிகளால் ஆனது. முதல் அடி ஒரு செய்தியைச் சொல்லும்; இரண்டாம் அடி அதையே மீண்டும் பாடும்; மூன்றாம் அடி அதற்கு விடையோ முடிவோ தரும். ஒவ்வோர் அடிக்கும் நான்கு தாள ஆவர்த்தங்கள் வீதம் மொத்தம் பன்னிரண்டு ஆவர்த்தங்கள் வருவதால் இதைப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பர். ஒவ்வோர் அடியிலும் குரல் பாதி இடத்தையே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய பாதியில் கிதார் மறுமொழி சொல்லும். வயலில் ஒருவர் குரலெடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடிய வேலைப் பாட்டுகளிலிருந்தும், அவற்றுக்கும் முந்திய மேற்கு ஆப்பிரிக்க இசை மரபுகளிலிருந்தும் வந்த அழைப்பும் விடையுமான முறை இது.

மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்களை அவற்றின் இயல்பான இடத்திலிருந்து சற்றே இறக்கிப் பாடுவது இவ்விசையின் மற்றோர் அடையாளம். இவ்வாறு இறங்கிய சுரத்துக்கு 'ப்ளூ நோட்' என்று பெயர். அது நிற்கும் இடம் பியானோவின் இரு கட்டைகளுக்கு நடுவே உள்ளது. ஆகவே பியானோவில் அது முழுமையாகக் கிடைக்காது, குரலிலும் கிதாரிலும் கிடைக்கும். உடைத்த குப்பியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டோ கத்தியின் மழுங்கிய புறத்தை வைத்தோ தந்திமேல் இழுக்கும் 'ஸ்லைடு' முறை, சுரத்திலிருந்து சுரத்துக்கு அறுபடாமல் வழுக்கிச் செல்ல வழிசெய்து, கிதாரையே பாட வைத்தது.

டாக்கரி பண்ணையும் சார்லி பாட்டனும்

1895இல் வில் டாக்கரி என்பவர் சன்ஃபிளவர் ஆற்றங்கரையில், ரூல்வில், கிளீவ்லண்ட் என்னும் ஊர்களுக்கு நடுவே தொடங்கிய பண்ணை, தனக்கென்று கடையும் தேவாலயமும் ரயில் இணைப்பும், பண்ணைக்குள் மட்டும் செல்லும் நாணயமும் கொண்ட ஒரு சிற்றூராக வளர்ந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் வாழ்ந்ததால் அங்கே பாடகருக்குக் கூட்டம் உறுதி. அந்தப் பண்ணைக்கு 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் குடும்பத்தோடு குடிவந்த சிறுவர் சார்லி பாட்டன், அங்கு வாழ்ந்த ஹென்றி ஸ்லோன் என்னும் மூத்த கலைஞரிடம் கிதார் கற்றார். ஸ்லோன் இசைத்தட்டு எதுவும் பதிக்கவில்லை. அவருடைய வாசிப்பு எப்படியிருந்தது என்பதைப் பாட்டன் வழியாக மட்டுமே ஊகிக்க முடியும்.

பாட்டன் உருவத்தில் சிறியவர். குரலோ கரகரப்பும் கனமும் கொண்டது. கிதாரின் உடலைத் தட்டியும், காலால் தரையை உதைத்தும், தந்தியைச் சுண்டி இழுத்துப் பலகையில் அடிக்கவிட்டும் ஒரே ஆளாகப் பல தாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தலைக்குப் பின்னாலும் கால்களுக்கு இடையிலும் கிதாரைப் பிடித்து வாசித்துக் கூட்டத்தை மகிழ்வித்தார் என்று உடன் வாசித்தவர்கள் பின்னாளில் கூறினர். வில்லி பிரவுன், டாமி ஜான்சன் என்னும் கிதார்க் கலைஞர்கள் அவரோடு பழகிக் கற்றார்கள். பின்னர் 'ஹவ்லின் உல்ஃப்' என்னும் பெயரில் சிகாகோவில் புகழ்பெற்ற செஸ்டர் பர்னெட், இளைஞராக இருந்தபோது தமக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர் பாட்டனே என்று குறிப்பிட்டார். ஸ்லோனிடமிருந்து பாட்டனுக்கும், பாட்டனிடமிருந்து பர்னெட்டுக்கும் என்று மூன்று தலைமுறை ஒரே பண்ணையைச் சுற்றி அமைந்திருப்பது, இந்தக் கலை குருமுகமாகக் கடத்தப்பட்ட ஒன்று என்பதற்கு வலுவான சான்று.

விஸ்கான்சினிலிருந்து வந்த வாய்ப்பு

இந்தப் பாடகர்களின் குரல் இன்று கேட்கக் கிடைப்பதற்குக் காரணமான நிறுவனம், இசையோடு தொடர்பே இல்லாத ஒன்று. வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட் வாஷிங்டன் நகரில் இயங்கிய விஸ்கான்சின் சேர் கம்பெனி என்னும் நாற்காலித் தொழிற்சாலை, கிராமபோன் பெட்டிகளுக்கு மரவேலை செய்யத் தொடங்கி, பெட்டியை விற்கத் தட்டும் வேண்டும் என்னும் எண்ணத்தில் 'பாரமவுண்ட்' என்னும் பெயரில் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. 1922இல் அது கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசை ஒன்றைத் தொடங்கியது. அக்காலத்தில் இத்தகைய தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள், என்று வணிகப் பெயர். 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, அஞ்சல் வழியாகவும் முகவர்கள் வழியாகவும் இவை தெற்குக் கிராமங்களுக்குச் சென்றன. ஒரு தட்டின் விலை 75 சென்ட்.

பாடகர்களைக் கண்டுபிடிக்கக் கம்பெனிக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில், கறுப்பினத்தார் நடமாடும் ஃபாரிஷ் தெருவில் மரச்சாமான்களும் இசைத்தட்டுகளும் விற்ற ஹெச். சி. ஸ்பியர் என்னும் வெள்ளை வணிகர் அந்தப் பணியைச் செய்தார். எந்தத் தட்டு விற்கிறது என்பதைக் கடையில் நின்று கண்டவர் ஆதலால், எந்தக் குரல் விற்கும் என்பதைக் கணிப்பதில் அவர் தேர்ந்தவர். டாமி ஜான்சன், சார்லி பாட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோர் அவர் காதில் தேறியே கம்பெனிகளுக்குச் சென்றார்கள். ராபர்ட் ஜான்சனும் முதலில் தேடிச் சென்றது அவர் கடையைத்தான்.

1929 ஜூன் 14 அன்று, பாரமவுண்டுக்காக இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்த ஒரு பதிவுக்கூடத்தில் பாட்டன் ஒரே நாளில் 14 பாட்டுகளைப் பதிவுசெய்தார். சுழலும் மெழுகுத் தட்டில் ஒலியின் அதிர்வை ஓர் ஊசி கீறிச் செல்லும். அந்த மெழுகிலிருந்து உலோக அச்சு எடுக்கப்படும். அந்த அச்சைக் கொண்டு அரக்குக் கலவையில் விற்பனைத் தட்டுகள் அழுத்தி எடுக்கப்படும். உலகெங்கும் இசைத்தட்டுக்குப் பயன்பட்ட அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், கொட்டகையில் அரை மணி நேரம் நீளக்கூடிய பாட்டைப் பாடகர் அந்த அளவுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்க முடியாதபோது தட்டின் இரு பக்கங்களிலும் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று பதித்தார்கள்.

பாடகருக்குக் கொடுக்கப்பட்டது பாட்டுக்கு இவ்வளவு என்னும் மொத்தத் தொகை. விற்பனைக்கு ஏற்ப வந்துகொண்டிருக்க வேண்டிய 'ராயல்டி' எனப்படும் உரிமைத்தொகை பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. கொலம்பியா கம்பெனியில் மிக அதிகமாகத் தட்டுகள் விற்ற பாடகர்களுள் ஒருவராக இருந்த பெஸ்ஸி ஸ்மித்துக்கே அது மறுக்கப்பட்ட நிலையில், பண்ணையிலிருந்து வந்த கிதார்க் கலைஞருக்கு அப்படியொரு உரிமை இருப்பதையே எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளத்தைப் பாடிய பாட்டு

பாட்டனின் பதிவுகளுள் தனியிடம் பெறுவது, 1929 இறுதியில் பதிவாகி இரு பாகங்களாக வெளிவந்த 'ஹை வாட்டர் எவ்ரிவேர்'. 1927 வசந்தத்தில் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து, ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் கரையை உடைத்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் பல மாநிலங்களிலுமாக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கிரீன்வில்லில் வெள்ளையர்கள் நீராவிப் படகுகளில் வெளியேறியபோது, ஆயிரக்கணக்கான கறுப்பினத்தார் ஆற்றுக்கரையின்மேல் அமைந்த முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டனர். வெளியேறினால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக்கு ஆள் கிடைக்காது என்பதே பண்ணையார்களின் கவலை. ஆயுதமேந்திய காவலுக்கு நடுவே, நிவாரண உணவுக்கு ஈடாக அவர்கள் மூட்டை சுமந்தார்கள்.

இந்த வெள்ளத்தைப் பாட்டன் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பாடுகிறார். முதல் பாகம் மிசிசிப்பிப் பக்கத்தையும், இரண்டாம் பாகம் எதிர்க்கரையான ஆர்கன்சா பக்கத்தையும் பின்தொடர்கிறது. தண்ணீர் ஏறுகிறது, அடுத்த ஊருக்குப் போக நினைக்கிறார், அங்கும் தண்ணீர். மேட்டு நிலத்துக்கு ஏறலாம் என்றால் அங்கே செல்லத் தமக்குத் தடை இருப்பதையும் சொல்லிவிடுகிறார். காலால் உதைக்கும் தாளம் பாட்டு நெடுகிலும் ஓயாமல் ஒலிக்கிறது. கறுப்பினத்தார் முகாம்களில் பட்ட பாட்டை அன்றைய தெற்குப் பத்திரிகைகள் பெரிதும் மறைத்த சூழலில், 75 சென்ட் விலைத் தட்டு ஒன்று அதன் சாட்சியமாக நின்றது. இந்த ஒரு பதிவுக்காகவே பாட்டனை வரலாற்றாசிரியர் வரிசையில் வைக்கலாம். 1934 ஏப்ரல் 28 அன்று இதய நோயால் அவர் இறந்தபோது வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது.

சன் ஹவுஸும் ஸ்கிப் ஜேம்ஸும்

1930இல் பாட்டன், வில்லி பிரவுன், பியானோ வாசித்த லூயிஸ் ஜான்சன் என்னும் இளம்பெண், சன் ஹவுஸ் ஆகிய நால்வரும் மிசிசிப்பியின் லூலா என்னும் ஊரிலிருந்து காரில் புறப்பட்டு, பாரமவுண்டின் புதிய பதிவுக்கூடம் இருந்த விஸ்கான்சினின் கிராஃப்டன் நகருக்குச் சென்றார்கள். கிளார்க்ஸ்டேலுக்கு அருகே 1902இல் பிறந்த ஹவுஸ், பதின்ம வயதிலேயே பாப்டிஸ்ட் திருச்சபையில் பிரசங்கம் செய்தவர். ப்ளூஸைப் பாவம் என்று வெறுத்திருந்த அவர், இருபதுகளின் நடுவில் ஒரு ஸ்லைடு கிதார்க்காரரின் வாசிப்பைக் கேட்டு மனம் மாறினார். பிறகு ஒரு விருந்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஒருவரைக் கொன்றதற்காக, பருத்திப் பண்ணையாகவே நடத்தப்பட்ட பார்ச்மன் சிறையில் அடைபட்டு, வெளியே வந்திருந்தார். பிரசங்க மேடையின் குரல் வீச்சும் சிறையின் அனுபவமும் அவருடைய 'பிரீச்சின் த ப்ளூஸ்' பதிவில் ஒன்றோடொன்று மோதுவதைக் கேட்கலாம். அந்தப் பயணத்தில் தமக்குக் கிடைத்தது 40 டாலர் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

1931 பிப்ரவரியில் ஸ்பியர் அனுப்பிவைத்த ஸ்கிப் ஜேம்ஸ் கிராஃப்டனுக்கு வந்தார். அவருடைய இசை டெல்டாவின் உதைத்தெழும் தாளத்துக்கு எதிர்நிலையானது: மெல்லிய உச்சக்குரல், விரல்களால் தனித்தனியே மீட்டப்படும் தந்திகள், மைனர் சாயலில் அமைந்த அபூர்வமான சுருதி. அந்தச் சுருதியைத் தமக்கு அறிமுகப்படுத்தியவர் பென்டோனியாவின் ஹென்றி ஸ்டக்கி என்று ஜேம்ஸ் கூறினார். ஸ்டக்கியோ, முதல் உலகப் போரின்போது பிரான்சில் சந்தித்த கரீபியப் படைவீரர்களிடம் அதைக் கற்றதாகச் சொன்னார். ஜேம்ஸின் 'ஹார்ட் டைம் கில்லிங் ஃப்ளோர் ப்ளூஸ்' பொருளாதாரப் பெருமந்தத்தின் பசியை நேரடியாகப் பாடியது. அதே மந்தம் அத்தட்டை வாங்கும் சக்தியை மக்களிடமிருந்து பறித்தது. ஜேம்ஸின் தட்டுகள் விற்கவில்லை. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மனம் கசந்த அவர் ப்ளூஸைக் கைவிட்டுத் தந்தையின் சமய ஊழியத்தில் சேர்ந்தார். 1932இல் பாரமவுண்ட் பதிவை நிறுத்தியது. சில ஆண்டுகளில் கம்பெனியே மூடப்பட்டது. உலோக அச்சுகள் காப்பாற்றப்படவில்லை. ஆகவே இன்று கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்த விற்பனைத் தட்டுகளிலிருந்து மீட்கப்பட்டவை. வில்லி பிரவுன் கிராஃப்டனில் பதித்த தட்டுகளுள் ஒன்றின் பிரதி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

ராபர்ட் ஜான்சனும் நாற்சந்திக் கதையும்

1911 மே 8 அன்று ஹேசல்ஹர்ஸ்ட் நகரில் பிறந்த ராபர்ட் ஜான்சன், இளைஞராக ராபின்சன்வில்லில் சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் வாசிக்கும் இடங்களைச் சுற்றிவந்தார். அப்போது அவர் கிதாரைத் தொட்டால் கூட்டம் எரிச்சலடையும் என்றும், ஊரைவிட்டுச் சென்று திரும்பியபோது கேட்டவர்கள் வியக்கும் அளவுக்கு வாசித்தார் என்றும் ஹவுஸ் பின்னாளில் விவரித்தார். சாத்தானோடு ஒப்பந்தம் என்னும் கதை இந்த இடைவெளியை நிரப்பவே பயன்பட்டது. அதே கதையை டாமி ஜான்சனைக் குறித்து அவருடைய சகோதரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நாற்சந்தியில் மர்ம மனிதரிடம் கலை பெறுவது கறுப்பின நாட்டார் மரபில் பரவியிருந்த பழைய நம்பிக்கை.

அந்த இடைக்காலத்தில் ராபர்ட் ஜான்சன் இருந்த இடம் தெரிந்ததே. தெற்கு மிசிசிப்பியில் ஐக் சிம்மர்மன் என்னும் கிதார்க் கலைஞரின் வீட்டில் தங்கி அவர் பயின்றார். அமைதிக்காக இரவில் இடுகாட்டில் அமர்ந்து இருவரும் பயிற்சி செய்தார்கள் என்று சிம்மர்மன் குடும்பத்தார் கூறியுள்ளனர். பதிவான பாட்டுகளும் இதே உண்மையைச் சொல்கின்றன. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவின் கன்டர் ஹோட்டலிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் அவர் பதித்த 29 பாட்டுகளுள் 'வாக்கிங் ப்ளூஸ்' சன் ஹவுஸிடமிருந்து வந்தது. '32-20 ப்ளூஸ்', ஸ்கிப் ஜேம்ஸின் '22-20 ப்ளூஸ்' தட்டைக் கேட்டு உருவானது. 'லவ் இன் வெய்ன்', நகரத்துப் பியானோக் கலைஞரான லெராய் காரின் மெட்டைத் தழுவியது. ஆசானிடம் கற்றதையும் தட்டில் கேட்டதையும் இணைத்து, பியானோவின் இடக்கை நடையைக் கிதாரின் கீழ்த்தந்திகளுக்கு மாற்றி, மூன்று நிமிடத்துக்குள் தொடக்கமும் முடிவும் கச்சிதமாக அமைந்த பாட்டாக வார்த்ததே அவர் சாதனை. இதைச் சாத்தானின் கொடையாகச் சொல்வது ஒரு கலைஞரின் படிப்பையும் பயிற்சியையும் அவரிடமிருந்து பறிப்பதாகும்.

1938 ஆகஸ்டு 16 அன்று கிரீன்வுட் அருகே, 27 வயதில் அவர் இறந்தார். அதை அறியாத இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடத்தவிருந்த நிகழ்ச்சிக்கு அவரைத் தேடினார். இறப்புச் செய்தி தெரிந்தபின், மேடையில் அவருடைய தட்டுகளைச் சுழலவிட்டு அவையோருக்குக் கேட்கச் செய்தார்.

மறதியும் மீட்பும்

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் மறதியின் காலம். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் பழைய தட்டுகள் திரட்டப்பட்டு உருக்கப்பட்டன. 1941, 1942 ஆண்டுகளில் நாட்டார் இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகச் சன் ஹவுஸைப் பதிவுசெய்தார். 1943இல் ஹவுஸ் வடக்கே ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, காலப்போக்கில் கிதாரையே விட்டுவிட்டார்.

1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் தம் சேகரிப்பிலிருந்து 84 பதிவுகளைத் தொகுத்து வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு, புதிய தலைமுறை ஒன்றின் காதுகளைத் திறந்தது. அதில் இரு பாட்டுகள் மிசிசிப்பி ஜான் ஹர்டுடையவை. 1928இல், உடனிருந்த வெள்ளையின வயலின் கலைஞர் ஒருவரின் பரிந்துரையால் மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் ஓகே கம்பெனிக்குப் பாடிவிட்டு, மீண்டும் வயலுக்குத் திரும்பியவர் அவர். நியூயார்க்கில் ஊர் ஏக்கத்தோடு பதித்த 'அவலான் ப்ளூஸ்' பாட்டில் தம் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் அவலானுக்குச் சென்றபோது, எழுபது வயதை எட்டிய ஹர்ட் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார். சொந்தக் கிதார் அவரிடம் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பல்லாயிரம் பேர் முன்னிலையில் பாடினார். 1966இல் இறக்கும்வரை கிடைத்த மூன்றாண்டுப் புகழே அவர் வாழ்வில் கண்ட அங்கீகாரம்.

1964 ஜூனில், ஏறக்குறைய ஒரே நாள்களில், ஒரு குழு சன் ஹவுஸை ராச்செஸ்டரிலும் மற்றொரு குழு ஸ்கிப் ஜேம்ஸை மிசிசிப்பியின் டூனிகா மருத்துவமனையிலும் கண்டுபிடித்தன. அந்த வாரத்தில்தான், ஜூன் 21 அன்று, கறுப்பினத்தாரை வாக்காளராகப் பதிவுசெய்யும் இயக்கத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மிசிசிப்பியில் கொல்லப்பட்டார்கள். பழைய பாடகரைத் தேடி வடக்கிலிருந்து வந்த வெள்ளை இளைஞர்கள் சென்ற சாலைகளும் அதே மாநிலத்தின் சாலைகளே. இசையை நேசித்த அமெரிக்காவும் அந்த இசையைப் படைத்தவர்களின் வாக்குரிமையை மறுத்த அமெரிக்காவும் ஒரே நாடாக இருந்ததை அந்த மாதம் காட்டியது.

ஹவுஸ் தம் பாட்டுகளை மறந்திருந்தார். அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டு நுணுக்கமாகக் கற்றிருந்த ஆல் வில்சன் என்னும் இருபத்தோரு வயது இளைஞர் அருகில் அமர்ந்து, 1930இல் அவர் வாசித்த முறையை அவருக்கே வாசித்துக் காட்டினார். 1965இல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட தொகுப்பில் ஹவுஸின் குரல் முன்னிலும் ஆழம் கூடி ஒலிக்கிறது. 1988இல் டெட்ராய்ட்டில் அவர் இறந்தார்.

கடனும் அதன் வசூலும்

1966இல் கிரீம் என்னும் ஆங்கிலேயக் குழு ஸ்கிப் ஜேம்ஸின் 'ஐ அம் சோ கிளாட்' பாட்டைப் பதித்தது. 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ராபர்ட் ஜான்சனின் 'லவ் இன் வெய்ன்' பாட்டை அவர் பெயரின்றி வெளியிட்டது. அப்பாட்டு பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து என்னும் வாதத்தை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 1990இல் வெளியான ஜான்சனின் முழுத் தொகுப்பு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த வருமானத்துக்கு உரியவர் யார் என்னும் வழக்கில், லாரி ஓட்டிப் பிழைத்த கிளாட் ஜான்சன் அவருடைய மகன் என்று 1998இல் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2000இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தந்தை இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே உழைப்பின் பயன் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான பாடகர்களின் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

கல்லறைகளும் இதே கணக்கையே காட்டுகின்றன. 1929இல் இறந்த பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் அடக்க இடத்துக்கு 1967இலும், 1937இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்துக்கு 1970இலும்தான் பெயர்க்கல் வந்தது. பாட்டனுக்கும் ராபர்ட் ஜான்சனுக்கும் 1990களின் தொடக்கத்தில், கிளார்க்ஸ்டேலில் தொடங்கப்பட்ட மவுண்ட் சீயோன் நினைவு நிதியத்தின் முயற்சியால் கற்கள் நாட்டப்பட்டன. இவர்களிடம் கற்று வளம் பெற்ற ராக் இசைத்துறை உலகெங்கும் பரவி முப்பதாண்டுகள் கடந்த பிறகு நடந்தவை இந்தக் கடைசி இரண்டும்.

ஆசான், மாணவர் என்னும் சங்கிலி மட்டும் எந்தக் கம்பெனியின் தயவையும் எதிர்பார்க்கவில்லை. பென்டோனியாவில் 1948இல் தம் பெற்றோர் தொடங்கிய ப்ளூ ஃபிரன்ட் கஃபே என்னும் கொட்டகையை நடத்திவந்த ஜிம்மி டக் ஹோம்ஸ், ஹென்றி ஸ்டக்கியிடமும் மற்றொரு கலைஞரான ஜாக் ஓவன்ஸிடமும் அதே மைனர் சுருதியைப் பயின்று, 2019இல் 'சைப்ரஸ் குரோவ்' என்னும் ஸ்கிப் ஜேம்ஸ் பாட்டின் பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஸ்லோன், ஸ்டக்கி, சிம்மர்மன் ஆகியோர் தட்டு எதுவும் விட்டுச் செல்லாத ஆசான்கள். ஆயினும் அவர்கள் கற்பித்தது அவர்களுடைய மாணவர்களின் விரல்களில் பதிவாகியிருக்கிறது. ஆதலால் டெல்டாப் பாடகர்களின் தட்டுகளைக் கேட்கும் வாசகர்கள், அட்டையில் உள்ள பெயரோடு அவருக்குக் கற்பித்தவரின் பெயரையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

1943இல் ஸ்டோவால் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறிய மடி வாட்டர்ஸ், சன் ஹவுஸிடம் கற்ற கிதாரை மின்சாரத்தோடு இணைத்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.

(தொடரும்)